கபினி, ஜூ, ஏரி: புது கேமராவ முதல்ல எங்க தூக்கிட்டு போறது?

அக்கா பையன் போனஸ் காச மொத்தமா கேமராவுல போட்டுட்டு ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு வந்தான், வந்ததும் மாமா கபினி காட்டுக்கு ரெண்டு நாள் புக் பண்ணவா, புலி கிடைக்குமான்னு கேட்டான், நான் இட்லிய வாயில வச்சிக்கிட்டே வேணாம்டான்னு சொல்லிட்டேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம், காசு மிச்சம்னு. அவனுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. சரி அவனுக்கு சொன்னத கொஞ்சம் விவரமாவே எழுதிடலாம், ஏன்னா பெங்களூர்ல கேமரா வாங்குற பாதி பேருக்கு இதே கேள்விதான், காட்டுக்கு போறதா, ஜூவுக்கு போறதா, வீட்டுப்பக்கத்து ஏரியில சுத்துறதா, எதுக்கு காசும் லீவும் செலவு பண்றதுன்னு.

முதல்ல என் கதை. நானும் கேமரா வாங்கின மூணாவது வாரமே கபினிக்குத்தான் ஓடினேன். மூணு சஃபாரி. ரெண்டாவது சஃபாரியில ரோட்ட கிராஸ் பண்ணிச்சு பாருங்க ஒரு சிறுத்தை, ஜீப்ல எல்லாரும் மூச்ச பிடிச்சிக்கிட்டு இருக்காங்க, நான் மட்டும் கேமராவுல என்னமோ ஒரு பட்டன தெரியாம அமுக்கி மெனு திறந்துகிச்சு, அத மூடி கண்ண வச்சு பாக்குறதுக்குள்ள சிறுத்தை புதருக்குள்ள போயிடுச்சு, வால் மட்டும் கிடைச்சது, அதுவும் ஆட்டம். வீட்டுக்கு வந்து பாத்தா முந்நூறு படத்துக்கு மேல இருக்கு, அதுல இருநூறு புள்ளிமான். என் மனைவி இன்னைக்கும் சொல்லுவா, அந்த வாலோட விலைக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்திருக்கும்னு.

அதுக்கப்புறம்தான் நான் எந்த இடத்தையும் ஒரே கணக்குல பாக்க ஆரம்பிச்சேன். எந்த மிருகம் இருக்கு, எவ்வளவு அபூர்வம்ங்கிறது அப்புறம். செலவு பண்ற ஒரு நாள்ல எத்தன நிமிஷம் ஒரு உயிரு என் லென்ஸுக்கு முன்னாடி நிக்குது, தப்பு பண்ணா அதே விஷயத்த திரும்ப எடுக்க சான்ஸ் கிடைக்குதா, அவ்வளவுதான் கணக்கு. இந்த கணக்குல பாத்தா வரிசை நீங்க நினைக்கிறதுக்கு தலைகீழா வரும்.

காட்டுக்கே முதல்ல வருவோம், எல்லாருக்கும் ஆசை அதுலதான. பெங்களூர்ல இருந்து கபினி 200 கிலோமீட்டர் தாண்டி. அணைத்தண்ணிக்கு ஒரு பக்கம் நாகரஹோளே, இன்னொரு பக்கம் பந்திப்பூர், ரெண்டும் புலிக்காடு. காலையில ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டு, ஒவ்வொண்ணும் சுமார் மூணு மணி நேரம், அதுல பாதி நேரம் ஜீப் ஓடிக்கிட்டேதான் இருக்கும். காட்ட பிரிச்சு வச்சிருக்கிறதுல ஏ ஜோனா பி ஜோனா, முன் சீட்டா பின் சீட்டா, எதுவும் உங்க கையில இல்ல. நீங்க நிறுத்துன்னு சொன்ன இடத்துல வண்டி நிக்காது, ஏன்னா கூட வந்த ஏழெட்டு பேருல ஒருத்தருக்கு யானை பாத்து முடிஞ்சிருச்சு, புலி வேணும். மீன்கொத்திக்கு நிறுத்த சொன்னா ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க. லென்ஸ் சைஸுக்கு தகுந்த மாதிரி கேமராவுக்கு தனி கட்டணம் வேற இருக்கு, அத புக் பண்ணும்போதே கேட்டு வச்சிக்கோங்க, கேட்ல நின்னு வாக்குவாதம் பண்ணாதீங்க.

வெளிச்சம் இன்னொரு பிரச்சினை. மிருகம் நடமாடுறது விடிஞ்ச உடனேயும் பொழுது சாயுற நேரத்துலயும், அந்த நேரம் மரத்தடியில இருட்டு, நம்ம கிட்ட இருக்கிற, கேமராவோட வர்ற கிட் ஜூம் 300 மிமீல எஃப் 5.6 இல்லன்னா 6.3தான், அதாவது லென்ஸ் துவாரம் அதுக்கு மேல திறக்காது, ஐஎஸ்ஓவ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டுற உணர்திறன்) 6400க்கு ஏத்தினாத்தான் ஷட்டர் வேகம் 1/250 செகண்ட் கிடைக்கும், படம் முழுக்க ரவை கொட்டின மாதிரி நாய்ஸ்ங்கிற புள்ளி. பழகின கை இத சமாளிச்சிடும், என்ஜின ஆஃப் பண்ண சொல்லும், ஜீப் கம்பியில பீன் பேக்ங்கிற குட்டி மூட்டைய வச்சு லென்ஸ தாங்கும் (பைய காலியா கொண்டு போய் அங்க ஊர் கடையில அரிசி வாங்கி ரொப்பிக்கலாம், திரும்பி வந்து பொங்கல் வச்சிடலாம்). புதுக்கைக்கு இதெல்லாம் அந்த பத்து செகண்ட்ல ஞாபகம் வராது.

ஆனா ஒண்ணு சொல்லணும், மார்ச்சுல இருந்து மே வரைக்கும் அணையில தண்ணி கீழ இறங்கி கரையில பச்சைப்புல்லு முளைக்கும், அப்ப யானைக்கூட்டம் கூட்டமா இறங்கும், அந்த நேரத்துல போட் சஃபாரி எடுத்தா ஜீப்புக்கு கிடைக்காத திறந்த வெளிச்சமும் நேரமும் கிடைக்கும், யானை அவசரப்படாது, குட்டி மண்ண வாரி போட்டுக்கிறத நீங்க அஞ்சு நிமிஷம் எடுக்கலாம். காட்டுக்கு போயே ஆகணும்னா அந்த சீசன், அந்த போட். புலிய மறந்துட்டு போங்க, வந்தா லாபம்.

இன்னொண்ணு, 2025 நவம்பர்ல காட்டோர கிராமங்கள்ல புலி அடிச்சு ஆளுங்க செத்ததுக்கு அப்புறம் நாகரஹோளே, பந்திப்பூர் ரெண்டுலயும் சஃபாரிய அரசாங்கம் நிறுத்தி வச்சது. நம்ம ஹாபி அடுத்தவன் உயிரு பிரச்சினைக்கு முன்னாடி நிக்க முடியாது, சரிதான். ஆனா கட்டின அட்வான்ஸ் என்ன ஆகும்ங்கிற கேள்வி இருக்குல்ல, அதனால எப்ப புக் பண்ணாலும் கேட் திறந்திருக்கா, கேன்சல் பண்ணா காசு வருமான்னு பாத்துட்டு பண்ணுங்க.

அடுத்தது ஜூ. ஜூன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஒரு இளக்காரம், அதுல என்ன இருக்கு, கூண்டுல அடைச்சத எவன்வேணா எடுப்பான்னு. எடுத்துப்பாருங்க அப்பறம் சொல்லுங்க. பெங்களூர் ஓரத்துல இருக்கிற பன்னேர்கட்டாவுக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து 365 பஸ் போகும், செவ்வாய்க்கிழமை லீவு, இத பாக்காம போய் கேட்ல நின்ன அனுபவம் எனக்கும் உண்டு. அங்க ரெண்டு விஷயம் இருக்கு, நடந்து பாக்குற ஜூ ஒண்ணு, பஸ்ல போற சஃபாரி ஒண்ணு. சிங்கம், புலி, கரடி, 2024ல இருந்து சிறுத்தை சஃபாரியும் சேந்திருக்கு. போட்டோவுக்குன்னா பஸ் சஃபாரிய நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ஜன்னல்ல கம்பிவலை, குலுக்கல், ஒரு புலிக்கு ஐம்பது போன் நீட்டிக்கிட்டு நிக்கும். புள்ளைங்க கூட போனா சந்தோஷமா போங்க, கேமராவ பையில வைங்க.

நடந்து பாக்குற பக்கம்தான் நம்ம பள்ளிக்கூடம். கம்பிவலைய காணாம போக்குறது எப்படின்னு அங்கதான் கத்துக்கணும். லென்ஸ தடுப்புக்கு இந்தப்பக்கமே நின்னு எவ்வளவு முடியுமோ அவ்வளவு வலைகிட்ட கொண்டு போகணும், அபெர்ச்சர, அதான் லென்ஸ் துவாரத்த, முழுசா திறக்கணும், மிருகம் வலைய விட்டு தூரமா உள்ள போற வரைக்கும் காத்திருக்கணும், இந்த மூணும் சேந்தா வலை கரைஞ்சு போயிடும். வெயில் படுற வலைன்னா கரையாது, வெள்ளையா ஒரு பனி மாதிரி படத்துமேல நிக்கும், அதனால நிழல்ல இருக்கிற வலைப்பக்கமா தேடி நில்லுங்க, இல்லன்னா கூட வந்தவர் தொப்பிய வச்சு அந்த துண்டுக்கு நிழல் காட்ட சொல்லுங்க. ஃபோகஸ ஒரே புள்ளியில வச்சு மிருகத்தோட கண்ணுல குத்தணும், கேமரா இஷ்டத்துக்கு விட்டா அது வலையத்தான் பிடிக்கும். கண்ணாடிக்கூண்டுன்னா லென்ஸ் முனையில மாட்டுற ரப்பர் ஹூட கண்ணாடியில ஒட்ட வைங்க, வெள்ளை சட்டை போட்டுட்டு போகாதீங்க, பாம்பு படத்துல உங்க வயிறுதான் தெரியும்.

இதே வேலைக்கு மைசூர் ஜூ இன்னும் நல்லது. 1892ல ஆரம்பிச்சது, மரமெல்லாம் பழசு, பெரிய மிருகத்துக்கு நிறைய இடத்துல வலைக்கு பதிலா அகழிதான், அதனால ஒட்டகச்சிவிங்கி, யானை, ஜெர்மனியில இருந்து 2021ல வந்த கொரில்லா எல்லாம் நடுவுல தடுப்பில்லாம எடுக்கலாம். காலையில 8.30க்கு திறக்கும், பன்னேர்கட்டா 9.30 ஆகும், இந்த ஒரு மணி நேரம்தான் வித்தியாசம், ஏன்னா பத்து மணிக்கு மேல வெயில் மண்டைமேல நின்னு எல்லா மிருகத்துக்கும் கண்ணு குழிவிழுந்த மாதிரி நிழல் விழும். அங்கயும் செவ்வாய் லீவு. பக்கத்துலயே காரஞ்சி ஏரி இருக்கு, கூண்டுக்குள்ள நாம நடந்து போற மாதிரி பெரிய பறவைக்கூடம் ஒண்ணு, வெளிய தண்ணியில சுதந்திரமா சுத்துற நாரைங்க. கூண்டுப்பறவையையும் காட்டுப்பறவையையும் ஒரே மத்தியானத்துல எடுத்துட்டு வந்து வச்சு பாருங்க, கூண்டுல இருக்கிறது நம்மள பாக்காது, வெளிய இருக்கிறது நம்மள ஒரு கண்ணுல பாத்துக்கிட்டேதான் இருக்கும், அந்த பார்வைதான் படத்துக்கு உசுரு.

ஜூவுல எனக்கு பிடிக்காதது ஒண்ணுதான், சில மிருகம் ஒரே கோட்டுல முன்னும் பின்னுமா நடந்துக்கிட்டே இருக்கும், அடைபட்டு கிடக்குற மன அழுத்தத்தோட அடையாளம் அது, அத கம்பீரமா நடக்குற மாதிரி கிராப் பண்ணி போட எனக்கு மனசு வராது. சரி, அது ஒரு பக்கம். ஜூ படத்த ஜூன்னு எழுதி போடுங்க, அவ்வளவுதான் என் ஒரே கண்டிஷன். உலகத்துலயே பெரிய பேரு இருக்கிற வனவிலங்கு போட்டோ போட்டியில 2009ல ஸ்பெயின்காரர் ஒருத்தர் எடுத்த ஓநாய் படம் முதல் பரிசு வாங்குச்சு, வேலிக்கதவ தாண்டி குதிக்கிற ஓநாய், அசந்து போவீங்க. அது பழக்கப்படுத்தின ஓநாயா இருக்கத்தான் வாய்ப்புன்னு நடுவர்கள் முடிவு பண்ணி 2010 ஜனவரியில பரிச பிடுங்கிட்டாங்க. நம்ம ஊர்ல யாராச்சும் வெள்ளைப்புலி படம் போட்டு காட்டுல எடுத்தேன்னு சொன்னா சிரிச்சிட்டு கடந்து போங்க, ஜூவுல இருக்கிற வெள்ளைப்புலிங்க பெரும்பாலும் 1951ல மத்தியப்பிரதேசத்து ரேவா காட்டுல பிடிச்ச மோகன்ங்கிற ஒரே புலியோட வம்சம்.

இப்ப ஏரி. இங்கதான் நான் கட்சி மாறினவன். எங்க வீடு அல்சூர் பக்கம், தமிழ்ச்சங்கத்துல இருந்து நடந்தா ஏரிக்கரை. பத்து வருஷமா அந்த பக்கம் போறேன் வரேன், ஏரின்னா நாத்தம்னுதான் மனசுல பதிஞ்சிருந்தது. கபினி வாலுக்கு அப்புறம் வெட்கப்பட்டு ஒரு நாள் விடியகாலையில கேமராவோட போனா கூழைக்கடா ஆறு, நீர்க்காகம் வரிசையா சிறகு விரிச்சு காயப்போட்டுக்கிட்டு, மேல கணக்கில்லாம கரும்பருந்து. ஒரு மணி நேரத்துல நானூறு படம் எடுத்து நானூறும் பாழ். அடுத்த நாள் திரும்ப போனேன், பருந்து அதே இடத்துல சுத்துது. அதுக்கடுத்த நாளும். இந்த வசதி எந்த காட்டுலயும் கிடையாது, தப்பு பண்ணத நாளைக்கு காலையில அதே பறவைகிட்ட திருத்திக்கலாம், டீக்காசு செலவு.

ஏரியில கத்துக்கிட்டத நாலு வார்த்தையில சொல்லிடுறேன். காலையில கிழக்குக்கரையில நின்னு மேற்க பாருங்க, வெயில் உங்க முதுகுல இருந்து பறவை மூஞ்சியில விழும், எதிர்க்கரையில நின்னா எல்லாம் நிழல்பொம்மைதான். பறவை எழும்புறதும் இறங்குறதும் காத்துக்கு எதிராத்தான், அதனால காத்து எந்தப்பக்கம்னு பாத்துட்டு நின்னா அது உங்க மூஞ்சிக்கு நேரா வரும், இல்லன்னா காலம்பூரா பின்பக்கம்தான் எடுத்துக்கிட்டு இருப்பீங்க. ஷட்டர் வேகம் பறக்குறதுக்கு 1/2000, உக்காந்திருக்கிறதுக்கு 1/500 போதும். அப்புறம் குனியுங்க, முட்டி வலிச்சாலும் பரவால்ல, நின்னுக்கிட்டு கீழ பாத்து எடுத்த நாமக்கோழி படத்துக்கும் தண்ணிமட்டத்துல உக்காந்து எடுத்ததுக்கும் இருக்கிற வித்தியாசத்துக்கு எந்த லென்ஸும் ஈடு கிடையாது.

வடக்க இருக்கிறவங்களுக்கு ஜக்கூர், ஹெப்பால், சர்ஜாப்பூர் ரோடு பக்கம் கைகொண்டரஹள்ளி, தெற்க மடிவாளா, ஊர் நடுவுல லால்பாக். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடக்க இருந்து வலசை வர்ற வாத்துங்களும் சேரும். பேரு தெரியலன்னா மெர்லின் ஆப்ல போட்டோவ காட்டுனா சொல்லும், முதல்ல பேரு தெரிஞ்சாத்தான் அடுத்து அது என்ன பண்ணும்னு தெரியும்.

ஏரியில குறையே இல்லையான்னா இருக்கு. ஒரு ஏரியில, பேரு வேணாம், வாட்ச்மேன் என் பெரிய லென்ஸ பாத்துட்டு ஓடி வந்து ஷூட்டிங் பர்மிஷன் இதியா (இருக்கா) சார்ங்கிறாரு, கல்யாண போட்டோகாரன்னு நினைச்சிட்டாரு. ஹக்கி போட்டோ சார், பரீ ஹக்கின்னு (வெறும் பறவைதான்னு) நான் வானத்த காட்டுறேன், அவர் பொண்ணு மாப்பிள்ளைய தேடுறாரு. கடைசியில ஸ்க்ரீன்ல ஒரு மீன்கொத்திய காட்டினதும் நம்பி, தினம் சாயங்காலம் அது எந்த கொம்புல உக்காரும்னு அவரே கூட்டிட்டு போய் காட்டினாரு. அப்புறம் பின்னணி, எங்க திருப்பினாலும் அபார்ட்மென்ட், கேபிள் ஒயர், மிதக்குற பிளாஸ்டிக். அதுவும் ஒரு பாடம்தான், ரெண்டு அடி தள்ளி நின்னா பிளாஸ்டிக் மறையும், இல்லன்னா கட்டடத்தையும் படத்துல சேத்துக்கோங்க, பெங்களூர் பறவை பெங்களூர்லதான இருக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் கொஞ்சம் கறாரா இருங்க, சிவாஜிநகர் கறிக்கடைங்க மேல பருந்து வட்டம் போடுறத நானும் போய் எடுத்திருக்கேன், பறக்குறத பழக அத விட நல்ல இடம் கிடையாது, ஆனா சில பேரு கோழித்தோல வாங்கி மேல வீசி பருந்த கீழ இழுக்குறாங்க. பருந்து தலையில நகம் போடும்போது தெரியும். கூட்டுல குஞ்சு இருக்கிற பக்கம் போறதும், போன்ல சத்தத்த போட்டு பறவைய வரவைக்கிறதும் அதே ரகம்தான், எனக்கு பிடிக்கல.

காட்டுக்கும் ஏரிக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, ரங்கனதிட்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துல, காவேரி நடுவுல இருக்கிற திட்டுங்க, பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி சொல்லித்தான் 1940ல சரணாலயம் ஆச்சு, 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியலுக்கும் போச்சு. காசு கொடுத்து வெளிய போகணும்னா என் ஓட்டு இதுக்குத்தான். போட் பறவைக்கு அவ்வளவு கிட்ட போகும், 300 மிமீ இருந்தாலே மஞ்சள்மூக்கு நாரை ஃபிரேம் பத்தாம நிக்கும், கரண்டிவாயன், ஆற்று ஆலா, பாறையில வாய திறந்துக்கிட்டு வெயில் காயுற முதலை, பாறைக்கடியில கொத்துக்கொத்தா மண்கூடு கட்டியிருக்கிற தகைவிலான். பொது போட் சீக்கிரம் சுத்தி முடிச்சிடும், நாலு பேரா சேந்து போட்டோகிராபருக்குன்னு இருக்கிற தனி போட்ட எடுத்துக்கோங்க, போட் ஆடும்ங்கிறதால 1/1000க்கு கீழ இறங்காதீங்க. கூடு கட்டுற சீசன்ல, ஜனவரிக்கு மேல போனா நல்லது. மழைக்காலத்துல கேஆர்எஸ் அணையில இருந்து தண்ணி திறந்துவிட்டா போட் நின்னுடும், அணை நிலவரத்த பாத்துட்டு கிளம்புங்க. பைக்ல போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, 2023 ஆகஸ்ட்ல இருந்து மைசூர் எக்ஸ்பிரஸ்வே மெயின் ரோட்டுல டூவீலர் விடுறதில்ல, சர்வீஸ் ரோடுதான், நேரம் கூட வச்சிக்கோங்க. ரயில்ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல இறங்கி ஆட்டோ பிடிக்கிறது எனக்கு ஈஸியா இருக்கு.

லென்ஸ் கேள்விய சுருக்கமா முடிச்சிடுறேன். கிராப் சென்சார் (கொஞ்சம் சின்ன சென்சார்) பாடியோட வர்ற 70-300 மிமீ ஜூம் முதல் ஒரு வருஷத்துக்கு போதும். கபினிக்கோ ரங்கனதிட்டுக்கோ போற வாரம் மட்டும் 150-600 வாடகைக்கு எடுங்க, நம்ம ஊர்ல வாடகைக்கடைக்கு பஞ்சமில்ல, ஆனா கிளம்புறதுக்கு முந்தின நாளே எடுத்து ஏரியில ஒரு தடவ பழகிடுங்க, அந்த வெயிட்டுக்கு கை நடுங்கும். பாடி லென்ஸ்னு மாத்தி மாத்தி போட விருப்பமில்லாதவங்களுக்கு நிக்கான் பி900 மாதிரி சூப்பர்ஜூம் இருக்கு, 2000 மிமீக்கு சமமா இழுக்கும், பகல்ல எதிர்க்கரை நாரையோட கண்ண எண்ணலாம், சென்சார் சின்னதுங்கிறதால பொழுது சாஞ்சா படுத்துக்கும். பறவை பேரு தெரிஞ்சிக்கத்தான் ஆசைன்னா அதுவே போதும், பறக்குறத பிடிக்கணும்னா வேணாம்.

கியர் பத்தி ரொம்ப புலம்புறவங்களுக்கு ரெண்டு பேர சொல்லுவேன். மெட்ராஸ்ல மா. கிருஷ்ணன், அங்கங்க கிடைச்ச பாகத்த எல்லாம் ஒட்டு போட்டு தானே செஞ்ச கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசான்னு பேரு வச்சு, கருப்பு வெள்ளையில யானைய எடுத்தவரு. நம்ம பெங்களூர்லயே டி.என்.ஏ. பெருமாள், 2017ல காலமானாரு, ஃபிலிம் காலத்துல பேரு வாங்கினவரு. ஒரு ரோல்ல 36 படம்தான், நாம பட்டன அமுக்கிப் பிடிச்சு தொடர்ந்து சுடுற பர்ஸ்ட்ல ரெண்டு செகண்ட்ல அத தீத்துடுறோம்.

பையனுக்கு நான் போட்டுக்கொடுத்த திட்டம் இதுதான்: ரெண்டு மாசம் வாரத்துல ரெண்டு காலை ஏரி, நடுவுல ஒரு சனிக்கிழமை மைசூர் ஜூவும் காரஞ்சியும், பிப்ரவரியில ரங்கனதிட்டு, கை பழகியிருந்தா ஏப்ரல்ல கபினி போட், அதுக்கு பாதி காசு நான் தரேன்னும் வாய்விட்டுட்டேன். அவன் ஏத்துக்கல. பாதி பெங்களூர் ஏப்ரலுக்கு புக் பண்ணும், இப்பவே ரூம் போட்டுடலாம்ங்கிறான். அதுல அவன் சொல்றது சரிதான், போட்டுட்டோம்.

போன ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வந்தான். எங்கம்மாவும் வாக்கிங்னு கூடவே வந்துட்டாங்க. ஒரு செம்பருந்து தாழ வந்துச்சு, நல்ல வெளிச்சம், அவன் கேமராவ தூக்குறான், அம்மா கருடன் கருடன்னு கன்னத்துல போட்டுக்கிட்டே அவன் முன்னாடி வந்து நின்னுட்டாங்க. படத்துல அம்மாவோட கொண்டை நல்லா ஷார்ப்பா விழுந்திருக்கு, பின்னாடி தண்ணிமேல கருடன் மங்கலா. டெலீட் பண்ணப் போனான், நான் விடல.